இரண்டு மச்சான்களும் ஒரு பழைய லென்ஸும்

நம் போட்டோகிராபர் சங்கத்து வாட்ஸப் குழுவில் மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "அக்கா, பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒண்ணு கம்மி விலையில கெடைக்குது. என் புது கேமராவுல வேல செய்யுமா?" கேட்பவர் பெரும்பாலும் லென்ஸை வாங்கி, மாட்டி, தன் வீட்டுப் பூனையை நாலு படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார். படம் நன்றாகவே இருக்கும். பூனையும் நன்றாகவே இருக்கும். நான் "செய்யும், ஆனா" என்று தட்ட ஆரம்பித்து, கட்டைவிரல் வலித்து, பாதியில் விட்டுவிடுவேன். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வரவேண்டியதை இன்று உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் திருவண்ணாமலையில் ஸ்டுடியோ நடத்தினேன். ஊரில் எனக்கு 'ஸ்டுடியோம்மா' என்றுதான் பெயர். இப்போது கடையை என் தங்கை மகள் பார்த்துக்கொள்கிறாள். நான் பதினொரு மணிவாக்கில் போய், ஒரு காபி குடித்து, அவள் விளக்கு வைத்திருக்கும் விதத்தில் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு வீடு திரும்புவேன். அவளும் "சரி பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, விளக்கை வைத்த இடத்திலேயே விட்டுவிடுவாள். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை.

ஃபிலிம் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடும் ஆள் நான் இல்லை. கழுவிப் பார்க்கும்வரை படம் விழுந்ததா என்றே தெரியாத காலம் அது. போனது நல்லதுதான். ஆனால் டிஜிட்டல் கேமரா வாங்கியபோது ஃபிலிம் காலத்து நீள லென்ஸ் ஒன்றை மட்டும் நான் கைவிடவில்லை. கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறொரு கம்பெனி. அந்தக் கேமராவுக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்ற லென்ஸ். மாட்டினேன், 'டக்' என்று உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினேன், 'கிர்' என்று சுற்றி ஃபோகஸ் பிடித்தது. ஸ்டுடியோவில் தங்கை மகளை நிற்க வைத்துப் பத்துப் படம் எடுத்தேன். கண்ணிமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. புது லென்ஸ் வாங்கச் சொல்லி எனக்கு அறிவுரை சொன்னவர்களையெல்லாம் அன்று மனதுக்குள் நன்றாகக் கேலி செய்தேன்.

வேலூரில் ஒரு கேமரா ரிப்பேர்க்காரர் இருந்தார். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை, போர்டிலும் பெயர் கிடையாது. லென்ஸைத் துடைத்து வாங்கப் போனபோது என் பெருமையை அவரிடமும் அவிழ்த்துவிட்டேன். அவர் மேசையில் கிடந்த வேறு யாருடைய பழைய லென்ஸையோ எடுத்து அதன் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு சின்னத் திருகு இருந்தது.

"இதுக்குள்ள மோட்டாரே கெடையாது. பழைய கேமரா இந்தத் திருக சுத்தி ஃபோகஸ் பண்ணும். புதுசுல சிலதுக்கு சுத்தவே தெரியாது. மாட்டினா மாட்டிக்கும், கையாலதான் திருப்பணும். பாவம், இத கொண்டாந்தவரு லென்ஸ் செத்துப்போச்சுன்னு அழுதாரு."

"என்னுதுல மோட்டார் இருக்குதே அண்ணே. சூப்பரா ஓடுது."

"மாட்டிக்கறது வேற, பேசிக்கறது வேறம்மா. ஒரு தரம் நல்ல வெயில்ல போட்டுப் பாரு, வேலைக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி."

தலையை ஆட்டினேன். வெயிலில் யார் போவது? ஸ்டுடியோவிலேயே ஓடுவது வெயிலில் ஓடாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தத் தொழிலில் நான் செய்த தப்புகளை வரிசையில் நிறுத்தினால் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

அதற்கு அடுத்த மாதம் சகுந்தலா வந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம், ஐம்பது வயது இருக்கும். மணிலாக்கொட்டை வயலிலிருந்து நேரே பஸ் ஏறியவள் போல முந்தானையைச் செருகியபடியே கடைக்குள் நுழைந்தாள்.

"எங்க ஊரு மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம்க்கா. வீடியோவுக்கெல்லாம் கமிட்டியில ஆள் வெச்சிருக்காங்க. எனக்குன்னு ஒரே ஒரு போட்டோ வேணும்."

"ஒரு போட்டோவுக்கா இவ்ளோ தூரம் வந்தே?"

"எங்க அண்ணனும் எங்க வூட்டுக்காரரும் ஒண்ணா நிக்கற போட்டோக்கா. அத யாரும் எடுத்ததில்ல."

உட்கார வைத்து டீ சொன்னேன். டீ வருவதற்குள் கதை முழுவதும் வந்துவிட்டது. அண்ணன் கன்னியப்பன், கணவர் ஏழுமலை. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆடித் திருவிழாவில் மாலை மரியாதைக்கு மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். ஏழுமலை பெயர் முதலில் வந்தது, கன்னியப்பன் பெயர் இரண்டாவதாக வந்தது. வயதில் மூத்தவன் நான் இருக்கும்போது இது என்ன மரியாதை என்று கன்னியப்பன் எழுந்து போய்விட்டார். என்னோடு மாலை வாங்க அவருக்கு என்ன கௌரவக் குறைச்சல் என்று ஏழுமலையும் மாலை வாங்காமல் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

"நடுவுல ரெண்டே தெருதான்க்கா. எங்கம்மா சாவுக்குப் போனேன், எடுத்ததும் திரும்பிட்டேன். அதுக்கப்புறம் அந்த வாசப்படிய மிதிக்கல. எங்க வூட்டுக்காரரு போகாதேன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. ஆனா எனக்குக் காலு வரல."

கோயில் வேலையே இவர்களால் இரண்டு முறை நின்று போயிருந்தது. கடைசியில் ஊர் கூடி ஒரு முடிவு செய்தது: கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது இரண்டு பேரும் சாரத்தில் ஏறி ஒரே குடத்தைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கும்பாபிஷேகமே வேண்டாம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

"ஊத்திட்டு எறங்கினா அவங்கவங்க வழியில போயிடுவாங்க. நாளைக்கே 'நாங்க எங்க ஒண்ணா நின்னோம்'னு கேட்டாலும் கேப்பாங்க. போட்டோ இருந்தா யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது. ரெண்டு மூஞ்சியும் ஒரே மாதிரி தெளிவா இருக்கணும்க்கா. ஒண்ணு மங்கலாச்சுன்னா அதுக்குத் தனியா ஒரு பதினோரு வருஷம் வெச்சுக்குவாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "முன்னல்லாம் ஒரே சைக்கிள்ல சினிமாவுக்குப் போவாங்க. இவரு அவர மச்சான்னுவாரு, அவரு இவர மச்சான்னுவாரு. வேற பேரு சொல்லி நான் கேட்டதே இல்ல."

கண்டிப்பாக எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீள லென்ஸ் இருக்கும் தைரியம்.

கும்பாபிஷேகம் பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் இல்லாத நாளில் வந்தது, அதனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. போனதும் முதலில் யாகசாலைக்குள் நுழைந்தேன். கீற்றுக் கொட்டகை, ஓமப் புகை, இருட்டு. லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். எல்லாம் அருமையாக வந்தன. பிறகு கோயிலுக்கு எதிர்வீட்டு மாடிக்கு ஏறினேன். கோபுரக் கலசம் நேர் எதிரே, நாற்பது அடியில். நல்ல இடம்.

அங்கே எனக்கு முன்பாகவே மைக் செட் காதர் பாய் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஊற்றுகிற நொடியில் செட்டில் மேளம் போடுவதற்கு அவருக்கும் கலசம் தெரிய வேண்டும். கீழ்பென்னாத்தூர்க்காரர், சுற்று வட்டாரத்தில் எல்லாக் கோயில் திருவிழாவுக்கும் அவர் செட்தான்.

"அன்னிக்கு அந்தப் பேரப் படிச்சது நான்தாம்மா" என்று அவராகவே சொன்னார். "சீட்டுல எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன். என் மேல இன்னா தப்பு? ஆனா அதுக்கப்புறம் இந்த ஊர்ல நான் மைக்குல மனுஷன் பேரே சொல்றதில்ல. சாமி பேரு மட்டும்தான்."

மணி பத்தாகும்போது குடங்கள் புறப்பட்டன. மேளமும் 'ஓம் சக்தி' கோஷமும் தெருவை நிறைத்தன. சாரத்தின் இடது ஏணியில் கன்னியப்பன் ஏறினார், வலது ஏணியில் ஏழுமலை ஏறினார். ஒரே ஏணியில் ஏறினால் யார் முதலில் என்ற கேள்வி வந்துவிடும் என்று கமிட்டியே இரண்டு ஏணி போட்டிருந்ததாம். மேலே போய் இருவரும் நின்ற அழகைப் பார்க்க வேண்டுமே! கலசத்துக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். குடத்தை ஆளுக்கு ஒரு கையால் பிடித்து, முகத்தை ஆளுக்கு ஒரு திசையில் திருப்பிக்கொண்டார்கள். நடுவே குருக்கள் மாட்டிக்கொண்டு நெளிந்தார்.

ஒருவர் கிட்டே, ஒருவர் தள்ளி. இரண்டு முகமும் தெளிவாக வேண்டுமென்றால் துவாரத்தைச் சுருக்க வேண்டும், இது உங்களுக்கே தெரியும். வெயில் கொட்டிக் கிடக்கிறது, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. துவாரத்தை எஃப் பதினொன்றுக்குச் சுருக்கி அழுத்தினேன்.

கேமரா பாதிச் சத்தத்தோடு நின்றது. திரையில் ஒரு பிழைச் செய்தி: லென்ஸோடு தொடர்பு சரியில்லையாம்.

அணைத்துப் போட்டேன். அழுத்தினேன். அதே செய்தி. லென்ஸைக் கழற்றி, பின்னால் இருக்கும் பித்தளைப் புள்ளிகளைச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டினேன். அதே செய்தி. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அதே செய்தி. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கீழே கூட்டத்தில் சகுந்தலா சாரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையில் சின்ன லென்ஸ் இருந்தது. அதில் எடுத்தால் முழுக் கோபுரமும் வரும், மச்சான்கள் இரண்டு மிளகாகத் தெரிவார்கள். பெரிதாக்கினால் முகம் கரைந்துவிடும். அது அவள் கேட்ட படம் அல்ல.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் என் கையில் இல்லை. குருக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கருடன் வந்து கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டால்தான் ஊற்றுவார்கள். அது இப்போதும் வரலாம், கால் மணி கழித்தும் வரலாம். வாழ்க்கையில் முதல்முறையாக, கருடன் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்துவிட்டு, கையை எடுத்தேன். இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். பதற்றத்தில் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதை நிறுத்திவிட்டு, கையை எடுத்து, ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: கடைசியாக எங்கே வேலை செய்தது? யாகசாலையில். அரை மணிக்கு முன்னால், இதே கேமரா, இதே லென்ஸ். அங்கே என்ன வேறு? இருட்டு. இருட்டானதால் துவாரம் முழுதாகத் திறந்திருந்தது. ஸ்டுடியோவிலும் அப்படித்தான் வைத்திருந்தேன். இங்கேதான் சுருக்கினேன். வேலூர்க்காரர் வெயிலில் பார் என்று சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

துவாரத்தை முழுக்கத் திறந்தேன். வெளிச்சம் அதிகமானதற்கு ஈடாக ஷட்டர் வேகத்தை ஏற்றினேன். அழுத்தினேன். படம் விழுந்தது.

அப்பாடா என்று திரையைப் பார்த்தால், கன்னியப்பன் கல்வெட்டுப் போலத் தெளிவாக இருந்தார். பின்னால் நின்ற ஏழுமலை புகைமூட்டம். ஃபோகஸை ஏழுமலை மேல் வைத்து இன்னொன்று எடுத்தேன். இப்போது கன்னியப்பன் புகைமூட்டம். இந்த இரண்டில் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சகுந்தலா சொன்ன அந்தத் தனிப் பதினோரு வருடம் ஆரம்பமாகிவிடும்.

இருவரும் எனக்கு ஒரே தூரத்தில் வரும் இடமாகப் பார்த்து நான் நகர வேண்டும். மாடியின் இந்த மூலைக்கு ஓடினேன், சாரக் கம்பு ஒரு முகத்தை மறைத்தது. அந்த மூலைக்கு ஓடினேன், தண்ணீர்த் தொட்டி. நான் நகர முடியாது என்றால் அவர்கள்தான் நகர வேண்டும். நாற்பது அடியில், மேளச் சத்தத்தில், என் தொண்டை எங்கே எட்டும்?

"பாய், அவங்க ரெண்டு பேரையும் கலசத்துக்கு ஒரே பக்கமா வந்து சேந்து நிக்கச் சொல்லுங்க. மைக்குல."

பாய் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாம்மா வெளயாடறியா? யாரு பேர மொதல்ல சொல்லச் சொல்ற?"

"மேளத்தயாவது நிறுத்துங்க."

"மேளத்த நிறுத்தறேன். பேரு நான் சொல்ல மாட்டேன். வேணும்னா நீயே சொல்லு. நீ வெளியூரு, பஸ் ஏறிப் போயிடுவ." மைக்கை என் கையில் திணித்தார்.

மேளம் நின்றது. திடீர் அமைதியில் முழு ஊரும் மாடியைத் திரும்பிப் பார்த்தது. வாயைத் திறந்துவிட்டு எந்தப் பெயர் என்று தெரியாமல் நின்றேன். கன்னியப்பன் என்று ஆரம்பித்தால் ஏழுமலை இறங்கிவிடுவார். ஏழுமலை என்றால் கதையே மறுபடி முதலிலிருந்து. அப்போதுதான் அன்று டீ குடிக்கும்போது சகுந்தலா சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது.

"மச்சானுங்களே!" என்றேன். நாலு ஒலிபெருக்கிக் குழாயிலும் என் குரல் கிளம்பியது. "மச்சானுங்களே, கலசத்துக்கு எடது பக்கமா வாங்க, ரெண்டு பேரும். தோளோட தோள் சேந்து மாடியப் பாத்து நில்லுங்க. போட்டோ கோயில் இருக்கற வரைக்கும் இருக்கும்!"

கீழே முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது. யாரோ "மச்சானுங்களே, நவுருங்க!" என்று கத்தினார்கள். சாரத்தின் மேலே இரண்டு பேரும் அசையவில்லை. குருக்கள்தான் புத்திசாலி. அவர் சட்டென்று வலது பக்கம் ஒதுங்கி, இடது பக்கத்தைக் காலி செய்தார். குடம் இருவர் கையிலும் இருந்ததால் ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகர்ந்துதான் ஆக வேண்டும். கன்னியப்பன் ஒரு அடி வைத்தார். ஏழுமலை ஒரு அடி வைத்தார். பலகை குறுகல். தோள் இடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், சேர்ந்து நின்றார்கள்.

காதர் பாய் என் கையைத் தட்டி வானத்தைக் காட்டினார். கருடன்.

குடத்தின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தேன். தண்ணீர் விழ விழ ஒன்பது படம் எடுத்தேன், துவாரத்தைத் தொடாமல். மேளம் இடித்தது, மேலிருந்து பூ கொட்டியது. என் கண்ணில் தண்ணீர் வந்தது, அது கோயில் தண்ணீர் இல்லை.

ஏழாவது படத்தில் ஏழுமலையின் வாய் திறந்திருந்தது, கன்னியப்பன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கீழே இறங்கியதும் ஏழுமலையிடமே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "தொப்பைய எக்கு மச்சான், நான் மறையறேன்னு சொன்னேங்க."

அடுத்த வாரம் வேலூர் போனபோது ரிப்பேர்க்காரரிடம் லென்ஸை நீட்டினேன். "வெயில்ல பாத்தியா?" என்றார். "பாத்தேன் அண்ணே. ஊரே பாத்துது" என்றேன். திட்டவில்லை. இந்த லென்ஸ் செய்த கம்பெனி அந்தக் காலத்துக் கேமராவின் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது என்றும், பிறகு வந்த கேமராக்கள் துவாரத்தைச் சுருக்கச் சொல்லும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டன என்றும், ஃபோகஸ் பிடி என்றால் புரிகிறது, சுருக்கு என்றால் புரியாமல் முழிக்கிறது என்றும் பொறுமையாக விளக்கினார். பழுது எதுவும் இல்லை, இரண்டும் நல்ல பொருள்கள்தான். அந்த லென்ஸை நான் தூக்கிப் போடவில்லை. அதற்குப் பிறகும் இருட்டு மண்டபங்களில் நிறைய வேலை வாங்கினேன்.

ஆகவே குழுவில் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். செய்யும். ஆனால் பூனையை எடுத்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். மதிய வெயிலில் மொட்டை மாடிக்குப் போய், துவாரத்தைச் சுருக்கி, கிட்டேயும் தூரத்திலும், விட்டுவிட்டும் விடாமலும் அழுத்திப் பாருங்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் அடாப்டர் வளையம் போடுகிறவர்கள் இன்னும் ஒரு மடங்கு ஜாஸ்தி பாருங்கள். எது முடியாது என்பது வேலைக்கு முந்தைய நாளே தெரிந்திருந்தால் முடிவதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். எனக்கு அன்று கைகொடுத்தது அதிர்ஷ்டம். ஒருவருக்கு அது எத்தனை முறை கைகொடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

படத்தை வாங்க சகுந்தலா வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஏழாவது படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தேன். அதை மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு முகத்தைப் பார்ப்பாள், அடுத்த முகத்துக்குப் போவாள், மறுபடி முதலுக்கு வருவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கேமரா மக்கர் பண்ணியதையும், அதனால்தான் மைக்கைப் பிடித்ததையும், எல்லாம் என் அலட்சியம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடுங்கக்கா. இதே சைசு. ஒரு விரல்கட கூட வித்தியாசம் இருக்கக் கூடாது" என்றாள்.

"கோயிலுக்கா?"

"எங்க அண்ணன் வூட்டுக்கு."

"கட்டிக் குடுத்து அனுப்பறேன். கமிட்டியில யாராவது கொண்டுபோய்க் குடுப்பாங்க இல்ல?"

"வேணாங்க்கா, நான்தான் எடுத்துட்டுப் போகணும்" என்றாள். "நடுக்கூடத்துல எங்கம்மா உசுரோட இருக்கறப்பவே மாட்டின அவங்க படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி சும்மா இருக்குது. அது எங்க இருக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்."